மீசைக்குச் சூடு தாங்கும்

ஜூன் 14, புதன்

செந்தூரனுக்கு ஒன்பதாம் மாத ஊசி. சளி பிடித்திருந்ததால் தள்ளித் தள்ளி இன்றுதான் தூக்கிக்கொண்டு போனேன். ஊசி போட்டதும் சுகாதார நிலையமே அதிரும்படி அழுதான். தொடையில் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருந்தபோது அங்கே இருந்த டாக்டரம்மா குனிந்து பார்த்துவிட்டு, "ஒரு நிமிஷம்மா, அப்படியே படுக்க வைங்க" என்றாள். என்னைவிட இளையவளாக இருப்பாள். கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு தொடை இடுக்கில் விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"வலது பக்கம் விதை கீழ எறங்கலையே. மேலயே நிக்குது. பொறந்தப்பவே சொல்லியிருப்பாங்களே."

யாரும் சொல்லவில்லை.

"வருசம் திரும்புறதுக்குள்ள ஆபரேஷன் பண்ணிருங்க. சின்ன ஆபரேஷன்தான். ஆனா தள்ளிப்போடாதீங்க."

ஆகஸ்டில் அவனுக்கு வருசம் திரும்புகிறது.

வீட்டுக்கு வந்தபோது அத்தை முற்றத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். என் மாமியார். சொன்னேன். கையை நிறுத்தாமல் சிரித்தார்.

"இதுக்குப் போயா மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு வந்த? இவனுக்காச்சும் ஒண்ணு இருக்கு. எம் பெரியவனுக்கு ரெண்டுமே இல்லாம வெறும் பையாத்தான் கெடந்துச்சு. இப்ப அவன் மீசையப் பாத்தேல்ல? எல்லாம் தானா எறங்கிரும். கத்திய வைக்கணும்னு எவளாவது சொன்னா, தூக்கிக்கிட்டு ஓடிருவியா?"

எனக்கு யார் மேல் கோபம் என்று தெரியவில்லை. பத்து மாதமாக நான்தான் கழுவுகிறேன், துடைக்கிறேன், துணி மாற்றுகிறேன். எது இருக்க வேண்டும் என்று தெரிந்தால்தானே எது இல்லை என்று தெரியும். பள்ளிக்கூடத்தில் விலங்கியல் டீச்சர் அந்தப் பாடம் வந்த அன்று, "இது வீட்டுல படிச்சுக்கோங்கம்மா" என்று பக்கத்தைத் திருப்பிவிட்டார். வீட்டில் யார் படித்தது? பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே கிடந்தன.

ஜூன் 15, வியாழன்

அத்தை பத்தரிடம் வெள்ளி அரைஞாணுக்குச் சொல்லிவிட்டார். கட்டினால் இறங்கிவிடுமாம். இடுப்பில் கட்டுகிற கொடி இடுக்கில் இருப்பதை எப்படி இறக்கும் என்று கேட்டேன். படித்த திமிர் என்றார். நான் பி.காம்., அதுவும் இரண்டாம் வகுப்பு. அதற்கே இவ்வளவு திமிர் என்றால் டாக்டருக்குப் படித்தவளை இந்த வீட்டில் என்ன செய்வார்கள்?

ஜூன் 16, வெள்ளி

குலசாமி கோயிலில் அரைஞாண் கட்டியாகிவிட்டது. பிள்ளை அதைப் பிடித்து வாயில் வைத்துச் சப்பினான். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரர், "சிரிச்சாப்புல முகத்த வச்சுக்கிட்டா என்ன கோமதி, அம்மா பாக்காங்கல்ல" என்று காதருகில் சொன்னார். அவர் பெயர் கதிரேசன். அம்மா பார்ப்பது மட்டும்தான் அவர் கண்ணுக்குத் தெரியும்.

எங்கள் வீடு தறி வீடு. சத்திரப்பட்டியில் பாதி வீடுகள் இப்படித்தான். வீட்டுக்குப் பின்னால் தறிக்கூடம், காலையிலிருந்து ராத்திரி வரை தடதடவென்று ஓடும். நெய்வது பேண்டேஜ் துணி. எந்த ஊர் ஆஸ்பத்திரியில் எவனுக்கு வயிற்றைக் கிழித்தாலும் எங்கள் துணியைத்தான் வைத்துக் கட்டுவார்கள் என்று அத்தை பெருமையாகச் சொல்வார். அவர் பேரனுக்கு மட்டும் கத்தி ஆகாது.

வேலம்மாள் அக்கா இன்றும் பட்டினி. வீட்டுக்காரரின் அண்ணன் பெரியவரின் மனைவி, என் ஓரகத்தி. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம், பிள்ளை இல்லை. வெள்ளி பட்டினி, செவ்வாய் அரச மரம் சுற்றுவது, ஆடியில் அம்மன் கோயில் வாசலில் மண்சோறு. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தரையில் போட்ட சோற்றைக் குனிந்து வாயால் எடுத்துச் சாப்பிட வேண்டும். வருடா வருடம் சாப்பிடுகிறாள். மதுரையில் இரண்டு தடவை வயிற்றைத் துளைத்துப் பார்த்து, குழாயில் மருந்து செலுத்திப் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். குறை இல்லை என்றார்களே தவிர வீட்டில் குறைச்சொல் நிற்கவில்லை.

பெரியவரை டாக்டர்கள் கூப்பிட்டபோது அவர் போகவில்லை. "எம் மகனுக்கு என்ன குறை? அந்த மீசையப் பாத்துமா கேக்கான்?" என்று அத்தை ஊரெல்லாம் சொன்ன கதை எனக்குக் கல்யாணமான புதிதிலேயே தெரியும். உண்மையில் பார்க்கும்படியான மீசைதான். தெருவில் அவர் வந்தால் மீசைதான் முதலில் வரும்.

நான் அவரிடம் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. இந்த வீட்டு வழக்கம். கணவனின் அண்ணன், அதாவது மச்சாண்டார், எதிரே வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டும். அவர் பேரைச் சொல்லக் கூடாது, அவர் இருக்கும்போது உட்காரக் கூடாது. ஏதாவது கேட்க வேண்டுமென்றால் அக்காவிடம் சொல்லி அக்கா கேட்பாள். மூன்று வருடமாக அவர் காலடிச் சத்தம் கேட்டாலே என் கால் தானாகச் சுவரோரம் போய்விடுகிறது.

ஜூன் 19, திங்கள்

ராஜபாளையத்துக்குக் குழந்தைகளுக்கான சர்ஜன் திங்களும் புதனும் வருகிறார் என்று விசாரித்து வைத்திருந்தேன். வீட்டுக்காரருக்கு நூல் வாங்கப் போக வேண்டுமாம். நேற்றுவரை இல்லாத நூல். அக்காதான் "நான் வாரேன் புள்ள" என்று கூட வந்தாள். அத்தையிடம் பல்வலி என்று சொன்னோம்.

டாக்டர் நல்ல மாதிரி. ஒரு தாளை எடுத்துப் படம் போட்டுச் சொன்னார். விதை முதலில் உண்டாவது வயிற்றுக்குள்ளேயாம், சிறுநீரகத்துக்குப் பக்கத்தில். பிறப்பதற்கு முன்பே அது மெள்ள இறங்கி, இடுக்கு வழியாக வெளியே வந்து பைக்குள் உட்கார வேண்டும். செந்தூரனுக்கு வலது பக்கம் வழியிலேயே நின்றுவிட்டது.

"ஏன் சார் அது வெளியதான் இருக்கணும்? உள்ளயே பத்திரமா இருந்துட்டுப் போகுது" என்று அக்கா கேட்டாள்.

"ஒடம்புச் சூடு அதுக்கு ஆகாதும்மா. ரெண்டு மூணு டிகிரி குறைவா இருந்தாத்தான் அது வேலை செய்யும். அதனாலதான் வெளிய தொங்குது. குளிர் அடிச்சா பை சுருங்கி மேல இழுத்துக்கும், வெயில் அடிச்சா தளர்ந்து கீழ விட்டுரும். உள்ள பாத்தீங்கன்னா உங்க ஊரு நூல்கண்டு மாதிரி, சுத்திச் சுத்தி மெல்லிசாக் குழாய். அந்தக் குழாயோட சுவர்லதான் விந்தணு உண்டாகுது. சூட்டுல இருந்தா அந்தச் சுவர் கொஞ்சம் கொஞ்சமா கெட்டுப்போகும். அதுக்குத்தான் ஒரு வயசுக்குள்ள செய்யச் சொல்றோம்."

"கெட்டுப்போனா ஆளப் பாத்தாத் தெரியுமா சார்?" என்றாள் அக்கா.

"அதாம்மா வம்பே. குழாய்க்கு நடுவுல வேற வகைச் செல் இருக்கு. அது தனி வேலை பாக்குது. மீசை, தாடி, குரல் ஒடையறது எல்லாம் அதோட வேலை. அது சூட்டத் தாங்கிக்கும். அதனால ஆள் ஆம்பளையா ஜம்முன்னு வளருவான், கல்யாணம் கூட ஆகும். பிள்ளைக்கு வழி இருக்காது. இவனுக்கு ஒரு பக்கந்தான், பயப்பட வேண்டாம், இன்னொண்ணு ஈடு கட்டும். ரெண்டு பக்கமும் அப்படியே விட்டுட்டா ரொம்பக் கஷ்டம். போகப் போகக் கட்டியாவும் மாறலாம்."

அக்கா தாளை மடித்து அவளே வாங்கி வைத்துக்கொண்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பாதி வழியில், "எல்லா ஆம்பளைக்கும் ரெண்டும் பைக்குள்ளதான் இருக்கணுமா புள்ள?" என்று கேட்டாள்.

செந்தூரனுக்குப் பசி. பால் கொடுத்தேன். இறங்கும் இடம் வந்துவிட்டது.

ஜூன் 20, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை. ரசம் தீய்ந்துவிட்டது. ரசம் எப்படித் தீயும் என்று அத்தை கேட்டார். தீய்கிறது, என்ன செய்ய?

ஜூன் 25, ஞாயிறு

கணவருக்குத் தெரிந்திருக்கிறது. பிறந்த அன்றே.

ஆபரேஷனுக்குச் சம்மதம் சொல்லுங்கள் என்று காலையிலிருந்து பின்னாலேயே நடந்தேன். தறிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே, "ஆறு மாசம் பாத்துட்டு வரச் சொன்னாங்க, அப்புறம் மறந்துட்டேன்" என்று வாய்விட்டுவிட்டார். எப்போது சொன்னார்கள் என்று கேட்டேன். பிரசவம் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது அவரிடம் தனியாகச் சொன்னார்களாம். அவர் நேராக அம்மாவிடம் போய்ச் சொன்னாராம். அம்மா, "பச்ச உடம்புக்காரி, அவகிட்ட சொல்லாத" என்றாராம். பச்சை உடம்பு ஆறி, நான் தண்ணீர்க் குடம் தூக்கி, துணி துவைத்து, ஐம்பது பேருக்குக் காதுகுத்துச் சமையலும் செய்து முடித்தாயிற்று; பத்து மாதமாக என்னிடம் சொல்லவில்லை.

"மறக்குற விசயமா இது?" என்றேன்.

"ஒனக்குப் புரியாது கோமதி. ஆம்பளப் புள்ள. நாளைக்கு வெளிய தெரிஞ்சா பசங்க என்ன பேர் வச்சுக் கூப்பிடுவானுங்கன்னு எனக்குத்தான் தெரியும்."

பெயருக்குப் பயம். பிள்ளைக்குப் பயம் இல்லை. கையிலிருந்த எண்ணெய்க் குப்பியைத் தட்டிவிட்டேன். தறியில் ஏற்றியிருந்த புதுப் பாவு நூல் நாசமாகிவிட்டது. வேண்டுமென்று செய்யவில்லை என்று அத்தையிடம் சொன்னேன். இந்த நோட்டில் அப்படிச் சொல்லத் தேவையில்லை.

ஜூலை 4, செவ்வாய்

எல்லா வழியும் ஒரே இடத்தில் முட்டுகிறது. டாக்டர் போட்ட படத்தைக் காட்டினால் அத்தை சொல்வது: "பெரியவனுக்குத் தானா எறங்குச்சு." அம்மா வீட்டிலிருந்து அப்பா வந்து பேசினால்: "பெரியவனுக்குத் தானா எறங்குச்சு சம்பந்தி, அவன் மீசையப் பாருங்க." வீட்டுக்காரரைக் கேட்டால்: "அண்ணனுக்கே சரியாப் போச்சுங்காங்கள்ல, அஞ்சு வயசு வரைக்கும் பாப்போம்."

ஒரு மீசை என் பிள்ளையின் வழியில் குறுக்கே படுத்திருக்கிறது.

அத்தை அதோடு விட்டாரா? "ஆடி பொறக்கப் போகுது, மண்சோத்துக்குச் சொல்லிவச்சிரு" என்று அக்காவிடம் சொன்னார். அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "சரி அத்த" என்றாள். முறத்தை ஓங்கித் தட்டியதில் பாதி அரிசி தரையில்.

ஜூலை 9, ஞாயிறு

இன்று பேசிவிட்டேன்.

மதியம் கரண்ட் போனது. தறிகள் நின்றன. வேலையாட்கள் டீ குடிக்கப் போய்விட்டார்கள். பெரியவர் மட்டும் கூடத்தில் அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருந்தார். வாசலில் நின்று பார்த்தேன். என் கால் வழக்கம்போலச் சுவரோரம் போனது. கால் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. உள்ளே போய் அவருக்கு நேரே நின்றேன். அவர் திடுக்கிட்டு எழுந்துவிட்டார்.

"அத்தான்."

கையிலிருந்த இழை கீழே விழுந்தது.

"ஒங்களுக்கும் சின்ன வயசுல செந்தூரன் மாதிரிதான் இருந்துச்சுன்னு அத்த சொல்லுதாங்க. அப்புறம் தானா எறங்கிருச்சுன்னு சொல்லுதாங்க. அத வச்சுத்தான் எம் புள்ளைய ஆஸ்பத்திரிக்கு விட மாட்டேங்காங்க. நெசமா எறங்குச்சுன்னா நான் வாய மூடிக்கிடுதேன். எறங்கலைன்னா, ஒரே ஒரு வார்த்த நீங்க அத்தகிட்ட சொல்லணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

அவர் கை மீசைக்குப் போனது. பழக்கம். முறுக்கப் போய், பாதியில் கீழே இறங்கிவிட்டது. என்னைப் பார்க்கவில்லை. தறியைப் பார்த்து ஏதோ சொன்னார். அந்த நேரம் பார்த்து கரண்ட் வந்து, கூடம் முழுக்கத் தடதடவென்று எழுந்தது. அவர் வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. நான் வந்துவிட்டேன்.

ஜூலை 10, திங்கள்

டீ குடித்துவிட்டு வந்த ஒருவன் பார்த்திருக்கிறான். வீட்டில் பூகம்பம். என்ன பேசினேன் என்று யாரும் கேட்கவில்லை. பேசினேன் என்பதுதான் குற்றம். மச்சாண்டார் முன்னால் நின்று வாயாடியவள். வீட்டுக்காரர் என்னிடம் சாப்பாடு கூடக் கேட்கவில்லை, அம்மாவிடம் கேட்டுச் சாப்பிட்டார். நல்லது, எனக்கு ஒரு வேலை குறைந்தது.

பெரியவர் வாயே திறக்கவில்லை. இன்னும் இரண்டு நாள் பார்ப்பேன். பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போய்விடுவேன். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு. பையைத் தயாராக வைத்திருக்கிறேன்.

ஜூலை 12, புதன்

மத்தியானச் சாப்பாட்டுக்கு அண்ணன் தம்பி இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா பரிமாறினாள். அத்தை விசிறிக்கொண்டிருந்தார். நான் அடுப்படி வாசலில் நின்றேன்.

பெரியவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு தலையைத் தூக்காமல், "அம்மா, எனக்கு எறங்கல" என்றார்.

"என்னது எறங்கல? சோறா? ரசம் ஊத்து வேலம்மா."

"சின்னப்புள்ளையில இருந்துச்சுன்னு சொல்லுவேல்ல. அது. ரெண்டும் எறங்கல. இன்னைக்கு வரைக்கும் எறங்கல. நீ குளிப்பாட்டுறத விட்டப்புறம் ஒனக்கு எப்படித் தெரியும்? அந்தப் புள்ளையக் கொண்டுபோய்க் காட்டுங்க."

அத்தையின் விசிறி நின்றது. என் வீட்டுக்காரர் வாயில் வைத்த கவளத்தை விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை.

"இம்புட்டு மீசை வச்சுருக்கியேடா" என்றார் அத்தை. சண்டைக்காரக் குரல் இல்லை. ஏமாந்துபோன குரல்.

"மீசைக்குச் சூடு தாங்கும் அத்த" என்றேன் நான். "விதைக்குத் தாங்காது. டாக்டர் சொன்னத நான் ஒங்களுக்கு மூணு தடவ சொல்லிட்டேன்."

அக்கா கரண்டியோடு நின்றிருந்தாள். "எப்பத் தெரியும் ஒங்களுக்கு?" என்று கேட்டாள்.

பெரியவர் தட்டைப் பார்த்தபடி சொன்னார். "கெணத்துல பசங்களோட குளிக்கும்போதே தெரியும். புள்ள பெறக்காதுன்னு தெரியாது. மதுரையில ஒன்னைய ரெண்டாந்தடவ துளைச்சப்பதான் சந்தேகம் வந்துச்சு."

"அதுக்கப்புறம் ஆறு ஆடி வந்துச்சு" என்றாள் அக்கா. ரசத்தை அவர் சோற்றில் ஊற்றினாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் சாப்பிடாமல் கை கழுவினார்.

எனக்கு ஜெயித்த மாதிரி இருக்க வேண்டும். அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலத்தான் இருக்கிறது. ஒரு வார்த்தை. ஆறு வருடத்துக்கு முன்னால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் அவள் நெற்றியில் மண் பட்டிருக்காது.

ஜூலை 19, புதன்

ராஜபாளையத்தில் ஆபரேஷன் முடிந்தது. எல்லாம் நல்லபடியாக. விதையைப் பைக்குள் இறக்கித் தைத்துவிட்டார்கள். அளவில் நன்றாக இருக்கிறது, சரியான நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்றார் டாக்டர். அவன் தூங்கும்போது உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். நான் அழவில்லை. கண்ணில் தூசி.

வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சுவரிலிருந்த தடுப்பூசி அட்டவணையைப் படித்தேன்.

கட்டியிருந்த துணியின் ஓரத்தை அக்கா விரலால் தடவி, "நம்ம ஊரு நெசவுதான்" என்றாள். பிறகு தானாகவே பேசினாள்.

"அன்னைக்கு பஸ்ஸுலயே எனக்குத் தெரிஞ்சு போச்சு புள்ள. நீ பதில் சொல்லல பாரு, அப்பவே. பன்னெண்டு வருசம் கூட இருந்தவளுக்கு இது தெரியலையான்னு நீ நெனப்ப. எனக்கு வேற யாரத் தெரியும், அவரத் தவிர? எல்லாரும் அப்படித்தான் இருப்பாங்கன்னு இருந்தேன்."

"அப்ப ஏங்க்கா அன்னைக்கே கேக்கல?"

"அவரா வாயத் தொறக்கட்டும்னுதான். நான் கேட்டு அவர் சொன்னா, அது நான் புடுங்குனது. அவரா சொன்னாத்தான் அது எனக்குச் சொன்னது. அதையும் அவர் ஒன் புள்ளைக்காகத்தான் சொன்னாரு. எனக்காகச் சொல்லல."

பெரியவரைப் பற்றியும் டாக்டரிடம் சொன்னேன். அவரும் மதுரைக்குப் போய்க் காட்ட வேண்டும், இந்த வயதில் அது கட்டியாக மாறுகிற ஆபத்து உண்டு என்று டாக்டர் சொன்னார். மதுரையில் நாளைக்கே, வியாழக்கிழமை, வரச்சொல்லியிருக்கிறார்கள். கூட யார் போவது என்று டாக்டர் கேட்டபோது அக்கா, "அவரோட அம்மா போவாங்க" என்றாள்.

ஜூலை 21, முதல் ஆடி வெள்ளி

செந்தூரனுக்குக் காய்ச்சல் இல்லை. புண் காய்கிறது. அரைஞாணை அவிழ்த்து அத்தையிடமே கொடுத்துவிட்டேன். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

நேற்று மதுரையில் எடுத்த ஸ்கேனில் பெரியவருக்கு இரண்டும் வயிற்றுக்குள்ளேயே சுருங்கிக் கிடக்கின்றனவாம். எடுத்துவிடுவது நல்லது என்றார்களாம். மதுரையிலிருந்து வந்ததிலிருந்து அத்தை ரொம்பக் குறுகிப்போய்விட்டார். பாவம் என்று எழுத வரவில்லை. எழுதவும் மாட்டேன்.

ஆனாலும் பழக்கம் விடுமா? காபி குடித்துவிட்டு, "வேலம்மா, மண்சோறு நேர்ந்தது நேர்ந்ததுதான், இந்த வருசம் விட்டா சாமி குத்தம் ஆயிரும்" என்றார்.

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "விட வேண்டாம் அத்த" என்றாள். "இந்த வருசம் ஒங்க மகன் சாப்பிடட்டும்."

பெரியவர் வாசல்படியில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். ஒரு செருப்போடு அப்படியே நின்றார்.

ஜூலை 28, இரண்டாம் ஆடி வெள்ளி

பெரியவர் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். தெருவே நினைத்தது.

கோயில் வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், எல்லாரும் ஈரச் சேலையோடு. பெரியவர் ஈர வேட்டியோடு வந்து வரிசையின் கடைசியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பூசாரி சோற்றுச் சட்டியோடு தயங்கினார். "இது பொம்பளைங்க நேர்த்தி மாப்ள" என்றார். "போடுங்க" என்றார் பெரியவர்.

கூட்டத்தில் சலசலப்பு. என் வீட்டுக்காரர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். அத்தை கோயிலுக்குள்ளிருந்து வெளியே வரவேயில்லை. அக்கா என் பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு, கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வருடத்தில் அவள் இந்த இடத்தில் நின்றுகொண்டிருப்பது இதுதான் முதல் தடவை.

பெரியவர் கையைப் பின்னால் கட்டினார். குனிந்தார். அவ்வளவு பெரிய உடம்பு மடங்கச் சிரமப்பட்டது. சோற்றை முழுவதும் சாப்பிட்டார், ஒரு பருக்கை மீதமில்லாமல். எழுந்து எங்கள் பக்கம் வந்து அக்காவுக்கு எதிரே நின்றார்.

மீசையெல்லாம் சோறும் மண்ணுமாக இருந்தது. அக்கா கையில் துண்டு இருந்தது. அவள் துடைத்துவிடவில்லை.